தாடிக்கு எண்ணெய்: அளவும் முறையும்

(அஸர் தொழுகைக்குப் பின் நடந்த நலவாழ்வு அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அல்ஹம்துலில்லாஹ். அன்புச் சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

கண் பரிசோதனை, சர்க்கரை நோய், பிள்ளைகளின் படிப்பு என்று இந்த அமர்வில் எத்தனையோ விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இன்று தாடிக்கு எண்ணெய் தடவுவது பற்றிப் பேசப்போகிறோம். இதற்கும் ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் அரிப்புத் தாங்காமல் தாடியை மழித்துவிடலாமா என்று யோசிக்கும் வாலிபர்கள் நம்மில் இருக்கிறார்கள். தாடி அடர்த்தியாக முளைக்கும் என்று நம்பி, கையில் உள்ள காசையெல்லாம் எண்ணெய்ப் பாட்டிலில் கொட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டிலோடு கிடக்கும் வாப்பாவின் தாடி சிக்குப் பிடித்துக் கிடப்பதைக் கவனிக்க நேரமில்லாத வீடுகளும் இருக்கின்றன. இந்த மூன்று பேருக்காகவும்தான் இந்தப் பேச்சு.

நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்: எண்ணெய் தாடியைப் பேணும் பொருள். அது மருந்தல்ல, முடி முளைக்க வைக்கும் உரமுமல்ல. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் காசும் மிஞ்சும், தோலும் தப்பிக்கும்.

பேணுவதும் நபிவழியே

தாடி வளர்ப்பது நபிவழி என்பது நமக்குத் தெரியும். வளர்த்த தாடியைச் சுத்தமாக, ஒழுங்காக வைத்துக்கொள்வதும் நபிவழிதான். முடி வைத்திருப்பவர் அதற்கு உரிய கண்ணியத்தைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் தலையிலும் தாடியிலும் முன்பக்கம் சில நரைமுடிகள் இருந்தன. எண்ணெய் தடவியிருக்கும்போது அவை தெரியாது, முடி கலைந்திருக்கும்போது தெரியும் என்று ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஜும்ஆவுக்குக் குளித்து, எண்ணெய் தடவி, நறுமணம் பூசி வருவதன் சிறப்பை ஸல்மான் (ரலி) வழியாக புகாரியில் காண்கிறோம். தலைமுடியும் தாடியும் பரட்டையாகப் பள்ளிக்குள் வந்தவரை வெளியே போய்ச் சரிசெய்து வரும்படி நபி (ஸல்) அவர்கள் சைகை காட்டிய செய்தி முவத்தாவில் வருகிறது.

அதே நேரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றில்லாமல் எந்நேரமும் தலை வாரிக்கொண்டிருப்பதைத் தடுத்த ஹதீஸும் உண்டு. அலங்கோலமும் கூடாது, கண்ணாடி முன்னாலேயே நிற்பதும் கூடாது. நடுத்தரமே நம் வழி.

தாடி ஏன் காய்கிறது?

நம் தோலிலேயே எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியின் வேரிலும் அவை கொஞ்சம் எண்ணெய் விடுகின்றன. தாடி நீள நீள அந்த எண்ணெய் நுனிவரை போய்ச் சேருவதில்லை. நாம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளூச் செய்கிறோம். நனைவதும் காய்வதுமாகவே தாடி இருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு சரியாக அலசாது. ஒரு படிவாகத் தாடியில் தங்கிவிடும். அதன்மேல் வெயில், ஹெல்மெட் பட்டை, சாலைத் தூசி. இத்தனையும் சேர்ந்துதான் தாடி துடைப்பக்குச்சி மாதிரி ஆகிறது.

புதிதாகத் தாடி வைக்கும் தம்பிகளுக்கு அரிப்பு வருவதற்கு வேறு காரணம். பிளேடு பட்ட முடியின் நுனி கூராக இருக்கும். அது வளைந்து பக்கத்துத் தோலைக் குத்தும். தாடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் முதல் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டால் முடி தோலைத் தாண்டி நீண்டுவிடும், அரிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த வாரங்களில்தான் எண்ணெய் மிகவும் உதவும். அரிப்புக்குப் பயந்து மழித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த எண்ணெய்?

வீட்டில் இருப்பதே போதும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது முடியின் புரதம் வீணாகாமல் காக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜைத்தூன் எண்ணெயை உண்ணவும் தடவவும் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் உமர் (ரலி) வழியாக வருகிறது. வசதி உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். நல்லெண்ணெய், பாதாம் எண்ணெயும் நல்லவையே. விளக்கெண்ணெய் மிகவும் கெட்டி. தனியாகத் தடவினால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். அதில் ஒரு பங்குக்குத் தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு கலந்துகொள்ளுங்கள். கருஞ்சீரக எண்ணெய் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். புதிய எண்ணெய் எதுவானாலும் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெய் வேண்டாம். அத்தரை எண்ணெயில் கலக்கவும் வேண்டாம். அது தாடைத் தோலை எரிக்கக்கூடும். அத்தரை உடையில் பூசிக்கொள்ளுங்கள்.

எப்படித் தடவுவது?

முதலில் சுத்தம், பிறகு எண்ணெய். அழுக்கின் மேல் எண்ணெய் தடவினால் அழுக்குத்தான் ஊறும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை மென்மையான ஷாம்பு போட்டுத் தாடியை அலசுங்கள். குளியல் சோப்பைத் தாடியில் தேய்க்காதீர்கள். துண்டால் ஒற்றி எடுங்கள். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் முடி உடையும்.

லேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெயைக் கையில் விடுங்கள். சிறிய தாடிக்கு இரண்டு மூன்று சொட்டு. ஒரு பிடி தாடிக்கு நான்கைந்து சொட்டு. இதற்கு மேல் வேண்டாம். இரு உள்ளங்கைகளிலும் தேய்த்து, விரல் நுனிகளை முடிக்குள் விட்டு முதலில் தாடையின் தோலில் படும்படி தடவுங்கள்; மீதியை முடியில் நுனிவரை இழுத்துவிடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். எண்ணெய் வடிந்தால் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தாலே போதும். வெயிலில் அலைகிறவர்கள் இரவு இஷாவுக்குப் பின் தடவுவது நல்லது. பகலில் தூசி ஒட்டாது.

சீப்பு அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். பள்ளியின் ஒளூச் செய்யும் இடத்தில் பொதுச் சீப்பு வைப்பது நல்ல எண்ணத்தில்தான்; ஆனால் படர்தாமரை அதன் வழியாகவும் பரவும்.

ஒளூ, குளிப்பு, இஹ்ராம்

எண்ணெய் தடவியிருந்தால் ஒளூ கூடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மெல்லிய எண்ணெய்ப் பசை தண்ணீரைத் தடுக்கும் படலம் அல்ல. தண்ணீர் அதன்மேல் ஓடினால் ஒளூ கூடும். ஆனால் கடைகளில் விற்கும் மெழுகு கலந்த தாடிப் பூச்சுகள் அப்படியல்ல. அவை கெட்டியாகப் படிந்து தண்ணீரைத் தடுத்தால் நீக்க வேண்டும். கடமையான குளிப்பில் தாடியின் அடிவரை தண்ணீர் சேர வேண்டும் என்பதால் அப்போது இன்னும் கவனம் தேவை. நோன்பு நேரத்தில் தாடிக்கு எண்ணெய் தடவுவதால் நோன்பு முறியாது.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். இஹ்ராமில் இருக்கும்போது தலைக்கும் தாடிக்கும் எண்ணெய் தடவுவதை, வாசனை இல்லாத எண்ணெயாக இருந்தாலும், ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் தடுக்கின்றன. பழக்கத்தில் கை போய்விடும். பாட்டிலைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். கூடுதல் விவரங்களை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயால் ஆகாதவை

தம்பிகளே, தாடி எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பது பரம்பரையையும் உடலின் ஹார்மோனையும் பொறுத்தது. பதினெட்டு வயதில் திட்டுத்திட்டாக இருக்கும் தாடி, பலருக்கு இருபத்தைந்தைத் தாண்டியும் நிரம்பிக்கொண்டே வரும். எந்த எண்ணெயும் இல்லாத வேரை உண்டாக்காது. அல்லாஹ் கொடுத்தது மெல்லிய தாடி என்றால் அதிலும் குறைவில்லை. விளம்பரத்தில் பார்த்த முகத்துக்காக உம்மா கொடுத்த காசைச் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது நோய்கள். தாடிக்குள்ளும் மூக்கின் ஓரத்திலும் புருவத்திலும் மஞ்சள் நிறத்தில் செதில் உதிர்ந்தால் அது வெறும் வறட்சி அல்ல, ஒருவகைப் பொடுகு. தோலில் வாழும் ஒரு பூஞ்சைக்கு அதில் பங்குண்டு. எண்ணெய்தான் அதற்கு உணவு. அங்கே எண்ணெய் ஊற்ற ஊற்ற அது கூடவே செய்யும். எண்ணெயை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொல்லும் ஷாம்புவைப் பயன்படுத்த வேண்டும்.

வட்டமாக, ஓரம் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் அடங்கினதுபோல் இருக்கும், பிறகு முகம் முழுக்கப் பரவும்.

ஒரு ரூபாய் நாணயம்போல வழுவழுவென்று முடி கொட்டினால் அதைப் புழுவெட்டு என்கிறோம். உண்மையில் எந்தப் புழுவும் அங்கே இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது அது. பூண்டையும் வெங்காயத்தையும் அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ச் சீட்டு எடுத்தால் இலவசமாகப் பார்க்கலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் நம்மிடம் சொல்லுங்கள், துணைக்கு ஆள் அனுப்புகிறோம்.

வீட்டுப் பெரியவர்கள்

கடைசியாக, குடும்பத்தார் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பக்கவாதத்திலோ முதுமையிலோ படுத்திருக்கும் பெரியவர் தன் தாடியைத் தானே பேண முடியாது. கஞ்சியும் எச்சிலும் தாடியில் தங்கும். தாடையின் அடியில் ஈரம் ஊறிப் புண்ணாகும். அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆயுள் முழுக்க ஜும்ஆவுக்கு எண்ணெய் தடவி, சீவி, முதல் ஸஃப்பில் போய் நின்றவர் அவர்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் ஈரத் துணியால் துடைத்து, உலர்த்திவிடுங்கள். வாரம் இருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். புண் இல்லையென்றால் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி மெல்லச் சீவிவிடுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை. இதை மருமகளின் தலையில் மட்டும் போடாமல், மகனும் பேரனும் முறைவைத்துச் செய்யட்டும். யாராவது பார்க்க வரும்போது அந்தப் பெரியவர் கூச்சப்படாமல் முகத்தைக் காட்டுவார்.

வரும் வியாழன் இரவு வீட்டுக்கு வீடு இதைத் தொடங்குவோம். நம் உடலையும் நம் பெரியவர்களையும் கண்ணியமாகப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.