வெயில் காலத்தில் கம்ப்ரெசர்: பழுது இயந்திரத்துக்கு, பழி யாருக்கு?

(தொழிற்சாலைப் பிரிவு அங்கத்தவர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறை, நாட்சம்பளம், லயம் என்று பேசிப் பழகிய நம் சங்க மேடையில் இன்று ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. ஒரு மார்ச் மாதத்தில், தாழ்நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், இரவு வேலையில் இருந்த நம் அங்கத்தவருக்கு நிர்வாகம் விளக்கம் கோரும் கடிதம் கொடுத்தது. ஒரே இரவில் கம்ப்ரெசர் மூன்று தடவை நின்றுவிட்டது. அதனால் கலர் சோட்டரும் நின்றது, தேயிலை தேங்கியது. "கவனக்குறைவு" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

நாம் போய்ப் பார்த்தோம். டிரையர் அடுப்புக்கு அடுத்த சுவரோடு ஒட்டியபடி கம்ப்ரெசர் அறை. களவுக்குப் பயந்து யன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கூலரின் மேல் தேயிலைத் தூசு போர்வை மாதிரிப் படிந்திருந்தது. வெப்பமானியைத் தொங்கவிட்டால் 46 பாகை காட்டியது. இயந்திரத்தின் கைநூலிலோ அறை வெப்பம் 40 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் கவனக்குறைவு யாருடையது?

விஷயத்தை விளங்கிக்கொண்டால்தான் பதில் சொல்ல முடியும். கலர் சோட்டரில் விழும் தேயிலையைக் கமெரா பார்க்கிறது. காம்பும் நாரும் நிறத்தால் பிடிபடும். அந்தக் கணமே சிறிய குழாய் வழியாகக் காற்று வந்து அதை மட்டும் தள்ளிவிடும். காற்றின் அமுக்கம் குறைந்தால் காம்பு நல்ல தூளோடு கலந்துவிடும். காற்றோடு தண்ணீர் வந்தால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். ஏலத்தில் விலை குறையும்போது, கடைசியில் கேள்வி நம்மைத் தேடித்தான் வரும்.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுவது நமக்குத் தெரியும். நம் தொழிற்சாலைகளில் அதிகம் இருக்கும் ஸ்க்ரூ கம்ப்ரெசரில் அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. எண்ணெயைக் கூலர் ஆற்றுகிறது. கூலரை ஆற்றுவது அறையின் காற்று. அறையே கொதித்தால் எதைக்கொண்டு ஆற்றுவது? வழக்கமாக 80 முதல் 95 பாகையில் ஓடும் இயந்திரம், 110 பாகை அளவில் தானாகவே நின்றுவிடும். அது பழுது அல்ல, தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்தப் பாதுகாப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டும்படி யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள். சூடேறிய எண்ணெய் தீப்பிடிக்கும்.

இன்னொன்று, சூடு 10 பாகை கூடினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். குளிர் காலத்துக் கணக்கில் எண்ணெய் மாற்றினால் வெயில் காலத்துக்குப் போதாது.

தண்ணீரின் கதையும் அதுதான். ஈரம் நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில் 30 பாகையில் 30 கிராம் அளவு தண்ணீர் இருக்கும். 40 பாகையில் அது 50 கிராமைத் தாண்டும். ஆகவே காற்றுத் தாங்கியின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் விடுவதை வெயில் காலத்தில் அடிக்கடி செய்ய வேண்டும். தானாக விடும் வால்வு இருந்தாலும் அது வேலை செய்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சில தவறான வைத்தியங்களும் நடக்கின்றன. இயந்திரத்தின் கதவுகளைக் கழற்றி வைப்பது ஒன்று. அதனால் காற்று கூலர் வழியே போகாமல் வேறு வழி தேடும், சூடு இன்னும் கூடும். மூடிய அறைக்குள் மின்விசிறி வைப்பது இன்னொன்று. அது சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். சூட்டுக் காற்று தகரக் குழாய் வழியே வெளியே போக வேண்டும், குளிர்ந்த காற்று நிழல் பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டும்.

அமுக்கம் போதவில்லை என்று திருகிக் கூட்டுவது மூன்றாவது தவறு. ஒரு பார் கூட்டினால் மின்சாரம் 7 சதவீதம் அளவு கூடும், சூடும் கூடும். முதலில் கசிவைத் தேடுங்கள். ஏழு பார் அமுக்கத்தில் மூன்று மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று, செக்கனுக்கு 10 லீற்றர் அளவு காற்றைத் தின்னும். இயந்திரங்கள் ஓயும் நேரத்தில் காது கொடுத்துக் கேட்டு, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தால் பிடிபடும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வியர்த்து ஊற்றும்போது காற்றுக் குழாயை உடம்பில் பிடித்துக் குளிர்காய்வதையும், உடுப்பில் தூசு தட்டுவதையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். விளையாட்டுக்கும் செய்யாதீர்கள். அந்தக் காற்று கண்ணைப் பறிக்கும், செவிப்பறையைக் கிழிக்கும், காயத்தின் வழியே உடம்புக்குள் போனால் உயிரையே எடுக்கும்.

காற்றுத் தாங்கியும் அப்படித்தான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதைப் பற்றிப் பேசுகிறது. பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி, தண்ணீர் விடும் வழி, காலத்துக்குக் காலம் தகுதி பெற்றவரின் பரிசோதனை, இவை நிர்வாகத்தின் கடமை. கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அந்தச் சகோதரரின் விசாரணை என்ன ஆனது? அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு சிப்டிலும் அறைச் சூடு, எண்ணெய்ச் சூடு, அமுக்கம் மூன்றையும் எழுதி, "கூலர் அடைத்திருக்கிறது, யன்னல் திறக்க வேண்டும்" என்று டீமேக்கரிடம் காட்டிக் கையொப்பமும் வாங்கி வைத்திருந்தார். அந்தக் கொப்பியை மேசையில் வைத்த பிறகு விசாரணையில் பேச அதிகம் இருக்கவில்லை. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. பலகைகள் கழற்றப்பட்டு யன்னலுக்குக் கம்பி வலை போட்டார்கள். சூட்டுக் காற்று வெளியேறத் தகரக் குழாயும் வந்தது. இயந்திரம் அதன்பின் இரவில் நிற்கவில்லை.

சித்திரையில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும். அதற்கு முன்னரே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: கூலரும் பில்ட்டரும் சுத்தம் செய்யும் நாள், அறைக்குக் காற்றோட்டம், தாங்கியின் பரிசோதனைப் பத்திரம், சூட்டில் நிற்கும் தொழிலாளிக்குக் குடிநீரும் ஓய்வும்.

நாளைக்கே கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் திகதியைப் போட்டு, அறைச் சூட்டை எழுதுங்கள். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.