காவிரிக் கரையில் ஒரு கோடை நாள்

சென்ற சித்திரைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதிரவன் எழுமுன் நாங்கள் நால்வர் மைசூரிலிருந்து மிதிவண்டிகளில் புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் திருவாரூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்தவர். மற்றொருவர் மாண்டியாவில் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை. நாங்கள் எதைப் பற்றியும் பேசுவோம். காவிரியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. 1991 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் மூண்ட கலவரங்களை நினைவில் கொண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

வெயில் ஏறுமுன் சீரங்கப்பட்டணத்தை அடைந்தோம். காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவு அது. ஆதிரங்கன் இங்கே பள்ளிகொண்டிருக்கிறான். அதே ஆற்றின் கீழ்ப்புறத் தீவில் நம் திருவரங்கத்தான் பள்ளிகொண்டிருக்கிறான். கோடையாதலால் பாறைகளே மிகுதி. நீர் அவற்றிடையே மெல்லிய இழைகளாக ஓடிற்று.

அருகிலுள்ள ரங்கனதிட்டுவில் நாரைகளும் கரண்டிவாயன்களும் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைக் கண்டோம். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பரிந்துரையால் 1940 இல் சரணாலயமான இடம் இது.

கண்ணம்பாடி அணையை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு வண்டியின் சக்கரம் காற்றிறங்கிவிட்டது. சாலையோரத்துச் சைக்கிள் கடைப் பெரியவர் டியூபை நீரில் அமிழ்த்திப் பஞ்சரைத் தேடிக்கொண்டே, எங்கள் பேச்சைக் கேட்டு, "எந்த ஊர்?" என்று கன்னடத்தில் வினவினார். "திருவாரூர்" என்றார் நண்பர். "அவ்வளவு தூரம் தண்ணீர் வந்து சேருகிறதா?" என்றார் பெரியவர். அக்கேள்வியில் பகையில்லை, உழவனின் கவலையே இருந்தது. "நேரத்தில் வந்தால் குறுவை உண்டு, இல்லையேல் சம்பாவை நம்பவேண்டும்" என்றார் நண்பர். "இங்கும் மழை பொய்த்தால் ஒரு போகம் போய்விடும்" என்று பெரியவர் தலையசைத்தார்.

பல ஆண்டுகளாக மூடியிருந்த கதவு அவ்விடத்தில் திறந்தது. அணை தெரியும் இடத்தில் மரநிழலில் அமர்ந்து முதன்முறையாக ஆற்றைப் பற்றிப் பேசினோம். கண்ணம்பாடி அணையின் வேலை 1911 இல் தொடங்கி 1931 இல் முடிந்தது. மேட்டூர் அணை 1934 இல் நிறைவுற்றது. 1924 இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்படிக்கையே இரண்டுக்கும் இடமளித்தது. முன்னதன் முழு மட்டம் 124.8 அடி, பின்னதன் மட்டம் 120 அடி. குடகில் மழை பெய்தால் முன்னது நிறையும்; முன்னது நிறைந்தால் பின்னதும் நம்பிக்கை கொள்ளும். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 இல் உச்சநீதிமன்றம் வகுத்தது. ஆயினும் மழை குறைந்த ஆண்டின் வருத்தத்தை எந்தத் தீர்ப்பும் முற்றிலும் துடைத்துவிட முடியாது. அதை இரு கரையினரும் பகிர்ந்தே சுமக்கவேண்டும்.

ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சுற்றி, மாலையில் களைப்புடன் வீடு திரும்பினோம்.

ஆனி பிறந்தது, குடகில் மழை இறங்கியது. அச்செய்தியைத் திருவாரூரிலுள்ள முதியவருக்கு முதலில் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய மகன் அல்லர். தாம் கற்ற சிறிதளவு தமிழில் எங்கள் மாண்டியா நண்பரே சொன்னார். "உங்கள் வயலிலும் பெய்ததா, தம்பி?" என்று முதியவர் கேட்டாராம்.

நேயர்களே, வழக்கை மன்றங்கள் தீர்க்கும். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு வேறொரு கடமை உண்டு. அயலாரின் வயலைப் பற்றியும் விசாரிக்கும் அந்தப் பழக்கத்தை விடாது காப்பதே அது.