வேலையின் பெயரும் வேலையும்

(ஆரணியில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னா நம்ம வீட்டில் கேட்பது ரெண்டே கேள்வி. சம்பளம் எவ்வளவு? பர்மனெண்டா? அங்கே போய் என்ன செய்யணும் என்று கேட்பதில்லை. பசித்தவன் கேட்க மாட்டான் என்பது வேலை கொடுக்கிறவனுக்கும் தெரியும்.

இந்த ஊர்த் தறியையே பாருங்கள். முன்பணம் வாங்கித் தறியில் உட்காருகிறவனுக்குச் சேலைக்கு இவ்வளவு கூலி என்று சொல்வார்கள். புதுப் பாவு பிணைக்கிற நாளுக்கும், பாவு வராமல் தறி சும்மா கிடக்கிற நாளுக்கும் கூலி உண்டா? அதைச் சொல்ல மாட்டார்கள். கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்துவிட்டது. முன்பணத்துக்குக் கையெழுத்துப் போடும்போது அது யார் ஞாபகத்துக்கு வருகிறது?

நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. நான் வங்கி குமாஸ்தா. உத்தரவுகளைப் படித்துப் பழகியவன். கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'மேலதிகாரி இடும் பிற பணிகள்.' நம் சாதி ஒளிந்திருப்பது அந்த வரியில்தான். ஒரே உத்தரவோடு ரெண்டு பேர் சேர்வார்கள். ஒருத்தனுக்கு மேசை, நம்மாளுக்குக் கக்கூஸ்.

2019இல் கோவை மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்குச் சுமார் 7,000 பேர் போனார்கள். அதில் பட்டதாரிகளும் இஞ்சினியர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. 2020இல் 'துப்புரவு' போய்த் 'தூய்மைப் பணியாளர்' வந்தது. பெயர் மாறியதால் மலக்குழி மாறிவிடுமா?

பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். நேரடியாக இறக்கினாலும், காண்ட்ராக்டர் மூலம் இறக்கினாலும் குற்றம்தான். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தொகை 10 லட்சம். 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. அந்தப் பணம் செத்தபிறகு வருவது. சேருமுன் கேட்பதற்குக் காசு செலவில்லை.

ஆகவே கேளுங்கள். உன்னை எடுப்பது நகராட்சியா, காண்ட்ராக்டரா? செய்யவேண்டிய வேலையெல்லாம் எழுத்தில் இருக்கிறதா? அந்த 'பிற பணிகள்' எவை? அதே வேலையில் இருக்கிறவரை டீக்கடையில் பிடித்து, "காலையில வந்ததும் என்னண்ணே செய்யச் சொல்றாங்க?" என்று கேளுங்கள். உத்தரவின் நகலை வீட்டில் வையுங்கள்.

வறுமையில் சேர்ந்தே ஆகணும் என்றால் சேருங்கள், தெரிந்து சேருங்கள். "இது என் வேலையில்லை" என்று நாளைக்குச் சொல்ல கையில் ஒரு தாள் வேண்டும், பக்கத்தில் சங்கம் வேண்டும்.