மூலமும் நகலும்

தில்லியில் வாழும் நம்மவர் பலருக்குக் காரில் செல்லும் வேளையே தமிழ்ப் பாட்டுக் கேட்கும் வேளை. சென்ற கோடையில், 64 ஜிபி கொண்ட மெமரி கார்டு ஒன்றைக் காரின் ஸ்டீரியோவில் செருகினேன். அஃது ஒலிக்க மறுத்தது. கார்டு பழுது என்று கருதினேன்; அது தவறு.

64 ஜிபியும் அதற்கு மேற்பட்டனவும் பெரும்பாலும் 'எக்ஸ்ஃபேட்' என்னும் அமைப்பில் வருகின்றன. கார் ஸ்டீரியோக்கள் பலவோ 'ஃபேட்32' என்னும் பழைய அமைப்பை மட்டுமே அறியும். 32 ஜிபி கார்டு பொதுவாக அப்பழைய அமைப்பிலேயே கிடைக்கும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 எம்பி கொள்ளும் எம்பி3 பாடல்கள் அதில் 500 மணி நேரத்திற்குக் குறையாமல் அடங்கும். நமக்கு அது போதாதா?

பெரிய கார்டையும் கணினியில் 'ஃபார்மட்' செய்து மாற்றலாம். நானும் அதற்கு முனைந்தேன். உள்ளிருப்பன யாவும் அழியும் என்று கணினி எச்சரித்தது. அப்போதுதான் நினைவு வந்தது: மறைந்த என் அன்னையார் பாடிய தாலாட்டும் அதிலேயே இருந்தது, அதற்கு வேறு பிரதி இல்லை. கை தானே நின்றுவிட்டது. முதலில் அதனைக் கணினியில் படியெடுத்தேன். பிறகே கார்டை மாற்றினேன்.

ஆதலின் அன்பர்களே, மூலம் வீட்டில் இருக்கட்டும். பயணத்திற்கு நகலே போதும்.