பங்களாவும் லயமும் புதுமனையும்

பதுளையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் சாலையில், நமுனுகுல மலைத்தொடரை அண்டிப் பசறை அமைந்துள்ளது. அப்பக்கத்துத் தோட்டங்களில் இரு வகைக் கட்டடங்களைக் காணலாம். மேட்டின் முகட்டில் துரையின் பங்களா. கீழே, ஓடையோரத்துப் பள்ளத்தில் லயங்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே மலைக் கருங்கல்லைக் கொண்டு எழுந்தவையே இரண்டும். எனினும் பங்களாவைப் புதுப்பித்து வாழ்கின்றனர். லயத்தையோ இடித்துவிட்டு வேறு வீடு கட்டவேண்டும் என்கின்றனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

பங்களா கட்டியவர் முதலிற் கல்லைத் தேடவில்லை, நிலத்தைத் தேடினார். பாறை உறுதியாயுள்ள இடம், மழைநீர் இரு புறமும் வழிந்தோடும் இடம், தேயிலை மலை முழுவதும் கண்ணிற்படும் இடம் எனப் பார்த்தே அடித்தளம் இட்டார். சுற்றிலும் கான் வெட்டினார். அடுக்களைப் புகை வெளியேறப் புகைபோக்கி வைத்தார். ஆதலின் அத்தகைய கட்டடம் தன் எசமானர்களை மாற்றிக்கொண்டே நிலைத்து நிற்கின்றது. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931ஆம் ஆண்டிற் கட்டிய அடிசம் மாளிகை இன்று பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாகத் திகழ்கின்றது. வேறு சில பங்களாக்கள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன.

லயத்திற்கு நிலம் தேர்ந்தவிதம் வேறு. தேயிலைக்கு உதவாத மூலை, தொழிற்சாலைக்கும் பிரட்டுக்களத்திற்கும் கிட்டிய இடம், பீலித் தண்ணீர் எட்டும் இடம். இவையே அங்குக் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டியபடி இருபுறமும் குடும்பங்கள். பின்கதவுமில்லை, குறுக்கே காற்றுமில்லை. மிலாறு எரியும் அடுப்பின் புகை கூரைத் தகரத்தைக் கறுப்பாக்கிய பின்னரே வெளியேறும். ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு நறுமணம் கொடுக்கும் என்று உலகச் சந்தை கொண்டாடுகின்றது. அதே காற்றுக்குத் தகரம் பறந்துவிடாதிருக்கக் கூரைமேற் கல்லேற்றுவது லயத்தாரின் வேலை. மகன் மணமுடித்தால் இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறையாக்குவர். மூன்று தலைமுறை அவ்வாறே கழிந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, குடியிருப்போ தொழிலாளியினுடையது. ஒரு வீட்டிற்கு இடம் விடுவிக்கக்கூட இத்தனை கதவுகளைத் தட்டவேண்டியுள்ளது. இத்தாமதத்தின் விலையை ஊவா மக்கள் கண்கூடாகக் கண்டனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை பல ஆண்டுகட்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், "எழுந்து செல்லுங்கள்" என்று கூறுவது எளிது; செல்லுமிடம் எது என்று காட்டுவதன்றோ கடினம்! தப்பியவர்கள் நெடுநாள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்து, 2016இலேயே அங்குக் கட்டப்பட்ட 75 வீடுகளுக்குக் குடிபுகுந்தனர்.

இந்திய உதவித் திட்டத்தின்கீழ் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் என வேலை நடைபெறலாயிற்று. முதற் கட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு ஏழு பேர்ச் நிலம்; 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக 1,350 சதுர அடி எஞ்சும் என்று தாளில் எழுதலாம். பசறைச் சரிவிலோ மலையை வெட்டித் தட்டாக்கினாலன்றி அடித்தளம் இடவியலாது. வெட்டிய மண்சுவர் ஒரு புறத்தையும் அணைகட்டு மறுபுறத்தையும் விழுங்கிவிடும். எஞ்சுவது கீரைப்பாத்தி ஒன்று, மாட்டுத் தொழுவத்திற்கும் இடம் போதாது. அன்றியும் சரிவின் அடியை வெட்டுவது மலையின் காலை அறுப்பதற்கு ஒப்பாகும். கானும் அணையும் செம்மையாக அமையாவிடின் புதுவீடே அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இரையாகக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் பல சரிந்ததை எவரும் மறந்திலர். ஆகவே, தேயிலைக்கு உதவாத துண்டையே வீட்டிற்குக் கொடுப்போம் என்னும் பழைய கணக்கை விடுத்து, பங்களாவிற்கு நிலம் பார்த்த கண்ணால் தொழிலாளியின் வீட்டிற்கும் நிலம் பார்த்தல் வேண்டும். அதற்காகச் சில வரிசைத் தேயிலைச் செடிகளைப் பிடுங்க நேரினும் பிடுங்கத்தான் வேண்டும்.

வீட்டைக் கையளித்தாற் போதுமா? உறுதிப்பத்திரமும் வேண்டும். அதில் மனைவியின் பெயரும் இடம்பெறுதல் நியாயம். கூடை சுமந்து நாட்சம்பளம் ஈட்டுபவள் அவளே அல்லளோ? காலியான காம்பராவை உடனே இடித்துவிடுதலும் அவசியம். இடிக்காவிட்டால் இன்னொரு குடும்பம் அங்கே குடியேறும். லயத்தின் ஆயுளும் நீளும்.

இதில் இழப்பு ஒன்றும் இல்லையென்று கூறிவிட முடியாது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர்க்கு நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாற் சுவரைத் தட்டினாற் போதும், அடுத்த காம்பராவிலிருந்து ஆள் வரும். தனி வீட்டில் வேலிகடந்து செல்லவேண்டும். முதியோர் சிலர் புதுவீட்டின் அமைதியைக் கண்டே அஞ்சுகின்றனர். எனினும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிப்பதற்கு ஓர் அறை கிடைத்திருக்கின்றது.

மற்றொன்றும் உண்டு. லயத்தாருக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திற்கே சென்று, அங்கே காத்துக்கிடந்து, பின்னரே கைக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பின் அழைப்புக் கடிதம் கிடைப்பதும் உண்டு. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளிலும் பணம் செலவிட வழிசெய்தது. தெருவுக்குப் பெயரும் வீட்டிற்கு இலக்கமும் எழுதப்பட்டால், பசறைத் தபாற்காரர் அவ்வீட்டு வாயிலிலேயே வந்து பெயர்சொல்லி அழைப்பார்.