கவிஞர் பாடிய கோபுரம்



இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில், டீம் ஆற்றங்கரையில் அமைந்த பழைய சந்தை நகர் லட்லோ. அங்கே நார்மானியர் கோட்டையின் முன்னுள்ள சதுக்கத்தில் இன்றும் சந்தை கூடுகிறது. அந்நகரினின்று மிதிவண்டியில் வடகிழக்கே செல்வோர்க்கு வலப்புறம் கிளீ குன்றுகள் தோன்றும். அவற்றுள் உயர்ந்த பிரௌன் கிளீ 540 மீட்டர். இடப்புறம் வென்லாக் எட்ஜ் எனும் நெடிய சுண்ணாம்புப்பாறை மேடு. அம்மேட்டை வருந்தி ஏறி, மறுபுறம் இறங்கினால் ஹியூலி என்னும் சிற்றூரை அடையலாம்.

1896இல் வெளிவந்த தம் 'எ ஷ்ரொப்ஷயர் லாட்' தொகுதியில் கவிஞர் ஏ. இ. ஹௌஸ்மன், தொலைவிலிருந்தே தெரியும் ஹியூலிக் கோபுரத்தைப் பாடினார். தேடிச் செல்வோர் காண்பதோ, பள்ளத்தில் ஒதுங்கிய ஆலயத்தின் சிறிய மணிக்கூண்டு. கவிஞர் பிறந்தது அண்டை மாவட்டமான வூஸ்டர்ஷயரில். ஷ்ரொப்ஷயர்க் குன்றுகள் அவருக்கு இளமையில் மேற்கே தெரிந்த தொடுவானம். தம்பி லாரன்ஸ் பிழையைச் சுட்டிய பின்னரும் அவர் அப்பெயரை மாற்றவில்லை.

ஏக்கத்தைப் பாடும் கவிஞர்க்கு இவ்வுரிமை உண்டு. ஆயினும், ஊர்ப்பெயரை நம்பி ஒருவர் மேடேறி வரக்கூடும் என்பதையும் பாடுவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1936இல் மறைந்த ஹௌஸ்மனின் சாம்பல் லட்லோ ஆலயச் சுவரருகே அடக்கம் செய்யப்பட்டது. தொலைவிலிருந்து பாடியவரை அம்மண் தன்னவராகவே ஏற்றுக்கொண்டது.