ஆயிரத்துக்கு நூறு: போக்கர் போட்டியில் நுழைவுக் கட்டணம் என்ன செய்கிறது?

(குடும்ப வரவு செலவு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் நிற்கிற தம்பிகளே, முன்னால் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

பணம் வைத்து ஆடுவது கூடுமா கூடாதா என்று ஆலிம்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் சொல்ல நான் ஆள் இல்லை. நாற்பது வருடம் கடைக் கணக்கு எழுதியவன். அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன். செல்போன் கடையில் வேலை, மாதம் 14,000 ரூபாய் சம்பளம். ஒரு நாள் மக்ரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது போனை நீட்டினான். போக்கர் போட்டியில் முதல் பரிசு, 12,500 ரூபாய். "மாமா, வேலையை விட்டுட்டு இதையே முழுசா பண்ணலாம்னு இருக்கேன். வாப்பாகிட்ட நீங்க பேசுங்க" என்றான். நான் திட்டவில்லை. மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரச் சொன்னேன்.

அதைப் பார்ப்பதற்கு முன் இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1,000 கூட்டல் 100 என்று போட்டிருப்பார்கள். ஆயிரம் ரூபாய் பரிசுப் பணத்துக்குப் போகும். நூறு ரூபாய் நடத்துகிறவருக்கு. அதுதான் நுழைவுக் கட்டணம். நூறு பேர் சேர்ந்தால் 1,10,000 வசூல், 1,00,000 பரிசு. மீதி 10,000 கம்பெனிக்கு. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தப் பத்தாயிரம் சீட்டு கலைப்பதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. ஆக, நூறு பேரும் ஒரே திறமைக்காரர்கள் என்றால் ஆளுக்குச் சராசரி நூறு ரூபாய் நஷ்டம்.

"இது திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பார்கள். வாஸ்தவம்தான். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. சரி, ஒரு திறமைசாலியையே எடுத்துக்கொள்வோம். சராசரி ஆள் 1,000 திரும்ப எடுக்கிற இடத்தில் இவர் நீண்ட காலச் சராசரியில் 1,200 எடுக்கிறார். கட்டணமே இல்லாவிட்டால் இவருக்கு லாபம் 200. நூறு ரூபாய் கட்டணம் போனால் லாபம் 100. பார்க்கப் பத்து சதவீதக் கட்டணம்தான், ஆனால் அது தின்றது லாபத்தில் பாதி. மற்றவர்களைவிடப் பத்து சதவீதம் கெட்டிக்காரராக இருப்பவர் போட்டதைத்தான் திரும்ப எடுப்பார். இரவெல்லாம் விழித்ததற்குக் கூலி பூஜ்யம். நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு இது உடனே புரியும். கமிஷன் மொத்த விற்பனையில் பிடிக்கப்படும், லாபமோ மார்ஜினில்தான் இருக்கிறது.

இதில் இன்னொன்று. சின்னப் போட்டிகளில்தான் கட்டணச் சதவீதம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஏழைப் பிள்ளைகள் ஆடுவது அதில்தான். வேகமாக முடிகிற போட்டி என்றால் திறமை வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை, ஒரு ராத்திரியில் நாலைந்து கட்டணம் கட்டலாம். தோற்றவர் திரும்ப நுழையலாம் என்று ஒரு வசதி வேறு. மூன்று தடவை நுழைந்தால் 3,300. அதில் 300 கட்டணம்.

இப்போது பையனின் ஸ்டேட்மென்ட். ஒவ்வொன்றும் 500 கூட்டல் 50. மூன்று மாதத்தில் 64 முறை நுழைந்திருக்கிறான். கட்டியது 35,200. அந்தப் பெரிய பரிசையும் சில்லறைப் பரிசுகளையும் கூட்டினால் வந்தது 31,600. நஷ்டம் 3,600. அவனுக்கு இது தெரியவே இல்லை. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஒரே வரியில் வந்தது, போனதோ 550, 550 என்று 64 வரி.

கட்டணத்தை மட்டும் தனியாகப் பிரித்தேன். 64 ஐம்பது, 3,200. அதாவது மற்ற ஆட்டக்காரர்களிடம் அவன் தோற்றது வெறும் 400. "நான் நல்லாத்தான் ஆடுறேன்" என்று அவன் சொன்னது பொய் இல்லை. சராசரிக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஆடியிருக்கிறான். கதவு தாண்டும் காசுதான் அவனைச் சாய்த்தது. உம்மா சீட்டுக்கு வைத்திருந்த பணமும் அதில் போயிருந்தது, அதைப் பிறகுதான் சொன்னான்.

இது வரி கூடுவதற்கு முன் நடந்தது. 2023 அக்டோபர் 1 முதல் போடுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதுவரை கம்பெனியின் கட்டணத்துக்கு மட்டும்தான் வரி என்று கணக்குப் பார்த்தார்கள். பத்து சதவீதக் கட்டணமே பாதி லாபத்தைத் தின்றதென்றால், அதன் மேல் 28 ஏறினால் எந்தத் திறமை தாங்கும்? நிகர ஜெயிப்புக்கு 30 சதவீதம் டிடிஎஸ் தனி.

பையன்கள் எல்லாரும் சொல்கிற பெயர் ஒன்று உண்டு, கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் கணக்கர், என் தொழில்காரர். ஆன்லைனில் ஒரு சின்னத் தகுதிப் போட்டியில் ஜெயித்து, 2003இல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் எடுத்தார். அன்று ஆடியவர்கள் 839 பேர். பெரும்பாலோர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. நூறு பேர் போட்டியில் பரிசு பெறுவது பதினைந்து பேர் அளவில்தான். நல்ல ஆட்டக்காரரும் மாதக்கணக்கில் நஷ்டத்தில் இருப்பார். அந்த மாதங்களில் வீட்டு வாடகை யார் கட்டுவது?

2025 ஆகஸ்ட்டில் பார்லிமென்ட் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் நிறைவேற்றியது. பெரிய இந்தியக் கம்பெனிகள் நிறுத்திவிட்டன. ஆனால் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் இன்னும் பிள்ளைகளின் போனுக்கு வருகிறது. அங்கே கட்டணம் எவ்வளவு, பரிசு வருமா வராதா என்று கேட்க ஒரு அலுவலகம்கூட நமக்கு இல்லை.

பையன் வேலையை விடவில்லை. சீட்டுப் பணத்தை மாதம் ஆயிரமாக உம்மாவிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால், ஞாயிறு அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் நான் இருப்பேன். பிள்ளையையும் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கூட்டி வாருங்கள். கூட்டிக் கழிக்கிற வேலையை அவனே செய்யட்டும், நான் பேனா மட்டும் தருகிறேன்.